முந்நூற்றி நாலு தெரிந்தவன் போக்கர் மேசையில் உட்கார்ந்தால்

திருகோணமலையில் காட்ஸ் தெரியாத ஆள் குறைவு. கலியாண வீடு, செத்த வீடு, கடல் கொந்தளித்துத் தொழிலுக்குப் போகாத நாள், எதுவென்றாலும் ஒரு பாய் விரியும், நாலு பேர் குந்துவார்கள். ஆட்டம் பெரும்பாலும் முந்நூற்றி நாலு. மாமாவின் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்தே அதைப் பழகியவன் நான். அதனால் போக்கர் என்று ஒன்று முன்னால் வந்தபோது, இதுவும் காட்ஸ்தானே என்றுதான் நினைத்தேன். ஒரு வாடைக்காலம் முடிவதற்குள் கிட்டத்தட்ட 85,000 ரூபா கையை விட்டுப் போயிருந்தது. அதில் 30,000 கடன். வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் இல்லை, ஏனென்றால் எனக்குத் தெரிந்த போக்கர்காரர் எல்லோரும் என் காசை எடுத்துக்கொண்டிருந்தவர்கள்.

உப்புவெளிக் கடற்கரைப் பக்கம் ஒரு விடுதியில் வேலை செய்கிறேன். மே தொடங்கி செப்டெம்பர் வரை கடல் அமைதியாக இருக்கும், நிலாவெளிக்கும் புறாத்தீவுக்கும் வருகிற வெளிநாட்டுக்காரர்களால் அறைகள் நிரம்பியிருக்கும். இரவில் அவர்கள் முற்றத்தில் இருந்து தீக்குச்சி வைத்துப் போக்கர் ஆடுவார்கள். தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கிற சாட்டில் நின்று பார்த்துத்தான் முதல் பாடம் படித்தேன். அவர்களும் சிரித்துக்கொண்டே சொல்லித் தந்தார்கள். சீசன் முடிந்து மழை தொடங்கியதும் விடுதி வெறிச்சோடிவிடும், நேரம் போகாது. அப்போதுதான் கூட வேலை செய்தவன் ஒருவன், "மச்சான், டவுனுக்குள்ள ஒரு வீட்டில காசுக்கே விளையாடுறாங்க, வாறியா?" என்று கேட்டான்.

அங்கே ஆடியது டெக்சஸ் ஹோல்டெம். உலகத்தில் இன்று போக்கர் என்று சொன்னால் பெரும்பாலும் இதைத்தான் நினைப்பார்கள். ஆளுக்கு இரண்டு காட்ஸ் கவிழ்த்துத் தருவார்கள், அதை நீங்கள் மட்டும் பார்க்கலாம். பிறகு மேசையில் எல்லோருக்கும் பொதுவாக மூன்று காட்ஸ் திறப்பார்கள், அதற்குப் பெயர் ஃப்ளொப். அதன்பின் ஒன்று, டேர்ன். கடைசியாக ஒன்று, ரிவர். ஒவ்வொரு கட்டத்திலும் காசு போடுகிற சுற்று ஒன்று உண்டு. கையில் உள்ள இரண்டும் மேசையில் உள்ள ஐந்தும் சேர்ந்த ஏழில் சிறந்த ஐந்துதான் உங்கள் கை. வரிசை கீழிருந்து மேலே இப்படிப் போகும்: ஒன்றும் அமையாத கை, ஒரு ஜோடி, இரண்டு ஜோடி, ஒரே இலக்கத்தில் மூன்று, தொடர்ந்து வரும் ஐந்து இலக்கங்கள் என்றால் ஸ்ட்ரெயிட், ஐந்தும் ஒரே சாதி, அதாவது எல்லாம் ஹார்ட்ஸ் என்பது போல ஒரே சின்னம் என்றால் ஃப்ளஷ், ஒரு மூன்றும் ஒரு ஜோடியும் சேர்ந்தால் ஃபுல் ஹவுஸ், ஒரே இலக்கத்தில் நாலு, எல்லாவற்றுக்கும் மேலே ஸ்ட்ரெயிட் ஃப்ளஷ். ஒரு மாலையில் பாடமாக்கிவிடலாம். நான் ஒரு கடதாசியில் எழுதி சேர்ட் பையில் வைத்துக்கொண்டு போனேன். அந்தக் கடதாசியால் எனக்கு ஒரு நாளும் காசு போகவில்லை. போனதெல்லாம் அதில் எழுதப்படாத விஷயங்களால்.

முதலாவது, முந்நூற்றி நாலு என் இரத்தத்தில் ஊறியிருந்தது. அதில் ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏசுக்கு 11, பத்துக்கு 10, கிங்குக்கு 3, குயினுக்கு 2. ஒரு சாதிக்கு 76, நாலு சாதிக்கும் சேர்த்து 304. கையில் ஜாக்கும் ஒன்பதும் வந்தால் உடம்பே நிமிர்ந்துவிடும். போக்கரில் ஏஸ்தான் உச்சம், ஜாக் நாலாவது இடம், ஒன்பது வெறும் ஒன்பது. துரும்பு கிடையாது, நாலு சாதியும் சமம். எதிரே இருந்து கண்ணால் கதைக்கிற சோடியும் இல்லை, மேசையில் எல்லோரும் எதிராளிதான். இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்திருப்பது ஒன்று, கை பழகியிருப்பது வேறொன்று.

முதல் இரவு எனக்கு ஜாக்கும் ஒன்பதும் வந்தன. எனக்கு முன்னால் இருந்த ஒரு பெரியவர் 400 போட்டார், நானும் போட்டேன். ஃப்ளொப்பில் ஜாக், ஏழு, நாலு. ஜோடி ஜாக் என்று உள்ளுக்குள் குதிக்கிறேன். அவர் 600 போட்டார், பார்த்தேன், அதாவது அதே அளவு நானும் போட்டேன். டேர்னில் இரண்டு. அவர் 1,400 போட்டார், பார்த்தேன். ரிவரில் குயின். அவர் என் முன்னால் மிச்சம் இருந்ததை எண்ணிப் பார்த்துவிட்டு 2,600 போட்டார். "தம்பி, பாக்கிறீங்களோ விடுறீங்களோ?" என்று மரியாதையாகவே கேட்டார். பார்த்தேன். அவர் ஏசும் ஜாக்கும் திறந்தார். இருவருக்கும் ஜோடி ஜாக்தானே, பாதி பாதி பிரிக்கலாம் என்று கையை நீட்டினேன். மேசை முழுக்கச் சிரிப்பு. ஜோடி சமமானால் மிச்சக் காட்ஸைப் பார்ப்பார்கள், அதற்குக் கிக்கர் என்று பெயர். அவர் பக்கத்தில் ஏஸ் இருந்தது, எனக்கு மேசையில் கிடந்த குயின்தான். கொண்டுபோன 5,000 ரூபாவும் ஒரே ஆட்டத்தில் முடிந்தது. புதிதாகப் பழகுகிறவர்கள் வரிசையை மட்டும் படிப்பார்கள், கிக்கரை யாரும் படிப்பதில்லை. ஏசோடு சின்னக் காட்ஸ் ஒன்று, கிங்கோடு சின்னக் காட்ஸ் ஒன்று, இந்த மாதிரிக் கைகள் பார்வைக்கு வடிவாக இருக்கும். ஜோடி அமைந்தாலும் அதைவிடப் பெரிய கிக்கரிடம் மாட்டிக்கொள்ளும், அமையாவிட்டால் ஒன்றுமே இல்லை.

இரண்டாவது விஷயம்தான் பெரிய காசை விழுங்கியது. முந்நூற்றி நாலில் கொடுத்த கையை ஆடியே ஆக வேண்டும். நல்லதோ கெட்டதோ எட்டுக் காட்ஸையும் இறக்கித்தான் எழும்பலாம். போக்கரில் கைக்கு வந்ததை ஆடவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. காசு போடாமல் மடித்து வைக்கலாம். ஃபோல்ட் என்பது அதுதான். எட்டு ஒன்பது பேர் இருக்கிற மேசையில் ஐந்து கையில் நாலையாவது தொடக்கத்திலேயே விட்டுவிடுவது புதியவருக்கு நல்லது என்று எனக்கு விளங்கியபோது பாதிக் காசு போய்விட்டது. ஏனென்றால் எனக்கு அது வெட்கமாக இருந்தது. வந்து உட்கார்ந்துவிட்டு, தேத்தண்ணியும் குடித்துவிட்டு, விடு விடு என்று இருந்தால் பயந்தவன் என்று நினைப்பார்களே என்று. 100 ரூபாதானே, மூன்று காட்ஸையும் பார்ப்போம் என்று ஒவ்வொரு கைக்கும் போட்டேன்.

இங்கே ஒரு கணக்கைச் சொல்கிறேன், என்னைப் போன்றவர்களுக்கு உதவும். கையில் ஜோடியாகவே வருவது சராசரியாகப் பதினேழு தடவைக்கு ஒன்று. ஜோடி இல்லாத இரண்டு காட்ஸோடு ஃப்ளொப் பார்த்தால், மூன்றில் இரண்டு தடவை உங்களுக்கு ஒரு ஜோடிகூட அமையாது. ஒரே சாதியில் இரண்டு வந்திருக்கிறது, ஃப்ளஷ் வரும் என்று பலர் காசு போடுவார்கள், ஃப்ளொப்பிலேயே ஃப்ளஷ் முழுசாக அமைவது நூறில் ஒன்றுக்கும் குறைவு. அந்த 100 ரூபாவும் தனியே போவதில்லை. பார்க்க வந்தவன் பாதி அமைந்த கையை வைத்துக்கொண்டு அடுத்த சுற்றுக்கும் போடுவான், அதுதான் செலவு. இன்று என்னிடம் யாராவது கேட்டால், தொடக்கத்தில் பெரிய ஜோடிகளையும் ஏஸ்-கிங், ஏஸ்-குயின், கிங்-குயின் மாதிரி இரண்டும் பெரிதான கைகளையும் மட்டும் ஆடுங்கள் என்பேன். சலிப்பாக இருக்கும். அந்தச் சலிப்புக்குக் காசு செலவில்லை.

பாதி அமைந்த கையைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதற்கு விலை பார்க்கப் பழக வேண்டும். ஒரு இரவு டேர்ன் வரைக்கும் எனக்கு ஹார்ட்ஸ் நாலு சேர்ந்திருந்தது, இன்னொன்று வந்தால் ஃப்ளஷ். பொட்டில், அதாவது எல்லோரும் போட்டு நடுவில் சேர்ந்த காசில், 3,000 ரூபா. எதிராளி இன்னும் 3,000 போட்டார். யோசிக்காமல் பார்த்தேன், ரிவரில் வேறு ஏதோ வந்தது. வீட்டுக்கு வந்த பிறகு படுக்கையில் கிடந்து கணக்குப் போட்டேன். ஹார்ட்ஸ் மொத்தம் 13, நாலு கண்ணுக்குத் தெரிகிறது, மிச்சம் 9. எனக்குத் தெரியாத காட்ஸ் 46. ஆக ஐந்து தடவைக்கு ஒரு தடவைதான் வரும். ஐந்து தடவை இதே மாதிரிப் பார்த்தால் நாலு தடவை 3,000 வீதம் 12,000 போகும், ஒரு தடவை 6,000 வரும். அதாவது ஒவ்வொரு தடவையும் 1,200 ரூபாவை நானே எடுத்துக் கொடுக்கிறேன். அதே இடத்தில் அவர் 500 மட்டும் போட்டிருந்தால் கதை வேறு, நாலு தடவை 2,000 போய் ஒரு தடவை 3,500 வரும், பார்க்கலாம். காட்ஸ் அதேதான், வாய்ப்பும் அதேதான், கேட்ட விலைதான் வேறு. மேசையில் இருந்து வகுத்துக்கொண்டிருக்க ஏலாது என்பதால் ஒரு குறுக்கு வழி சொல்வார்கள்: உங்களுக்கு உதவக்கூடிய காட்ஸை எண்ணுங்கள், வரப்போவது ஒரு காட்ஸ் என்றால் இரண்டால் பெருக்குங்கள், காசு இனிப் போடத் தேவையில்லாமல் இரண்டு காட்ஸும் பார்க்கலாம் என்றால் நாலால் பெருக்குங்கள், நூற்றுக்கு எத்தனை என்று கிட்டத்தட்ட வரும். ஸ்ட்ரெயிட்டுக்கு நடுவில் ஒரு இலக்கம் மட்டும் குறைகிறது என்றால் உதவக்கூடியவை நாலுதான், ஒரு காட்ஸுக்கு நூற்றுக்கு எட்டு அளவுதான். இதற்குப் போய் நான் எவ்வளவு போட்டேன் என்று எண்ணிப் பார்க்கவே இல்லை.

யாராவது முன்பே சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் நெஞ்சு எரிகிற ஆட்டம் ஒன்று இருக்கிறது. என்னிடம் கிங்கும் குயினும். மேசையில் குயின், ஒன்பது, ஏழு, நாலு, இரண்டு. எதிராளி ரிவர் வரைக்கும் போட்டுக்கொண்டே வந்தார், நானும் விடவில்லை. பொட்டில் 7,000 ரூபாவுக்கு மேல். காட்ஸைத் திறக்கும்போது அவர் "ஸ்ட்ரெயிட்!" என்று சொல்லிக்கொண்டு பத்தையும் ஜாக்கையும் மேசையில் அடித்து வைத்தார். நான் பார்த்தேன், ஒன்பது, பத்து, ஜாக், குயின் என்று வரிசையாகத்தான் தெரிந்தது. என் காட்ஸைக் கவிழ்த்தபடியே கழிவுக் குவியலில் தள்ளிவிட்டேன். அவர் காசை வாரி எடுத்துக்கொண்டிருக்கும்போது ஓரத்தில் இருந்த பெடியன் ஒருவன், "அண்ணா, எட்டு எங்க?" என்றான். எட்டு இல்லை, கிங்கும் மேசையில் இல்லை. அவரிடம் இருந்தது வெறும் கை, என்னிடம் ஜோடி குயின். ஆனால் குவியலுக்குள் போன காட்ஸ் செத்த காட்ஸ், அதை யாரும் திருப்பி எடுக்க விடமாட்டார்கள். அவர் வேண்டுமென்று சொன்னாரா, அவசரத்தில் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரைக்கும் தெரியாது. வாயால் என்ன சொன்னாலும் மேசையில் திறந்து கிடக்கிற காட்ஸ்தான் பேசும் என்பது போக்கரில் பொது விதி. காசு உங்கள் பக்கம் வந்து சேரும்வரை, அல்லது தோற்றதை உங்கள் கண்ணால் இரண்டு தரம் பார்க்கும்வரை, காட்ஸைக் கையை விட்டுப் போக விடாதீர்கள். விளங்காவிட்டால் இரண்டையும் திறந்து வைத்துவிட்டுப் பேசாமல் இருங்கள், மேசையில் யாராவது சரியாக வாசிப்பார்கள்.

பொய்க்குப் போடுகிற புளஃப் பற்றியும் ஒரு வார்த்தை. தொலைபேசியில் எல்லோரும் பார்க்கிற காட்சி ஒன்று உண்டு. 2003ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடரின் பிரதான போட்டியில் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர், கையில் ஒன்றும் அமையாமலே முழுக் காசையும் தள்ளி, ஜோடி வைத்திருந்த சாமி ஃபர்ஹாவை விலகவைத்தார். அந்தப் போட்டியை வென்று 25 இலட்சம் டொலர் எடுத்தார். எங்கள் மேசையிலும் ஆளுக்கொரு மணிமேக்கர் இருந்தார்கள், நான் உட்பட. தொலைக்காட்சியில் வருவது வெட்டித் தொகுத்த சுவையான கைகள்தான், மணிக்கணக்காக மடித்து மடித்து வைத்ததை யாரும் காட்டுவதில்லை. அதோடு, புளஃப் எடுபட வேண்டுமென்றால் எதிராளி விடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். "வந்தா வருது, போனா போகுது" என்று எதற்கும் பார்க்கிறவரிடம் புளஃப் அடிப்பது காசைக் கடலில் போடுகிற வேலை.

எங்கே இருக்கிறீர்கள் என்பதும் முக்கியம். டீலர் வட்டை, அதாவது காட்ஸ் போடுகிறவர் யார் என்று காட்டுகிற அடையாளம், யார் முன்னால் இருக்கிறதோ அவர் ஃப்ளொப்புக்குப் பிறகு கடைசியாகப் பேசுவார், மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம். முதலில் பேசுகிறவருக்கு அந்த வசதி இல்லை. அதனால் முதலில் பேசவேண்டிய இடத்தில் இன்னும் குறைவான கைகளை ஆடுங்கள்.

சரி, இனி அந்த வீட்டைப் பற்றி. மேசை வைத்த வீட்டுக்காரர் ஒவ்வொரு பொட்டிலும் 100 ரூபா எடுத்துக்கொள்வார், தேத்தண்ணிக்கும் பணிசுக்கும் என்று. யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. நான் பிறகுதான் யோசித்தேன். கையால் காட்ஸ் போடுகிற மேசையில் மணிக்கு 25 ஆட்டம் நடக்கும். ஐந்து மணித்தியாலத்துக்கு 125 ஆட்டம், 12,500 ரூபா. எட்டுப் பேர் ஆளுக்கு 5,000 கொண்டுவந்தால் மேசையில் இருப்பது 40,000. அதில் மூன்றில் ஒன்றுக்குக் கிட்டப் பணிசுக்குப் போனால், நாங்கள் எட்டுப் பேரும் ஒருவரை ஒருவர் எவ்வளவு கெட்டித்தனமாக வென்றாலும் சராசரியாக எல்லோருக்கும் நட்டம்தான். எந்த மேசையில் உட்கார்ந்தாலும், பொட்டிலிருந்து எடுக்கிறார்களா, எவ்வளவு எடுக்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். அப்படி எடுத்து நடத்துகிற இடம் சட்டத்துக்கும் பொருந்தாது. பொலிஸ் வந்தால் நடத்துகிறவரோடு ஆடுகிறவரும்தான் போவார். மழை இரவில் வாசலில் மோட்டார் சைக்கிள் வெளிச்சம் விழுந்தபோதெல்லாம் எங்கள் ஆட்களின் முகங்களைப் பார்த்திருக்கிறேன்.

கடன் கதை சுருக்கம். காசு முடிந்ததும் மேசையிலேயே ஒருவர் நீட்டுவார், "பிறகு தாங்கோ தம்பி, என்ன அவசரம்." வட்டி என்று அப்போது சொல்லமாட்டார். போனதை எடுத்துவிட்டு எழும்புவோம் என்று நினைக்கிற அந்த நேரத்தில்தான் மனிதன் மோசமாக ஆடுவான், அது அவருக்கும் தெரியும். விடியற்காலை உட்துறைமுக வீதியால் சைக்கிளில் வரும்போது ரோட்டோரம் மான்கள் படுத்திருக்கும், எனக்குக் கண்ணில் படாது, தலைக்குள் அந்த ஜோடி குயின் ஓடிக்கொண்டிருக்கும். கைபேசி வாங்க வைத்திருந்த காசும் போனது, அடுத்த சீசன் சம்பளத்தில் பாதி அந்த 30,000 ரூபாவுக்கும் அதற்கு மேலே கேட்டதற்கும் போனது. தொண்டையில் சோறு இறங்காத நாட்கள் இருந்தன. யாராவது அந்த நிலையில் இருந்தால் ஒருவரிடமாவது வாய் திறந்து சொல்லுங்கள். தெரிந்தவரிடம் சொல்ல வெட்கமென்றால் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கு எடுக்கலாம். நான் கடைசியில் மச்சாளிடம் சொன்னேன். ஏசினாள், பிறகு கடன் கணக்கை ஒரு கொப்பியில் அவளே எழுதி, மாதம் மாதம் கட்டவைத்தாள்.

போக்கர் எனக்கு இன்னும் பிடிக்கும், அதை மறைக்கவில்லை. இப்போது விடுதி முற்றத்தில் நாங்கள் வேலைக்காரப் பெடியள் புளியங்கொட்டை வைத்து ஆடுகிறோம். ஆளுக்கு நூறு கொட்டை, முடிந்தால் அன்றைக்கு முடிந்தது, திரும்ப எண்ணிக் கொடுப்பதில்லை. இந்த ஒரு விதி இல்லாவிட்டால் புளியங்கொட்டையும் கைபேசி விளையாட்டில் இலவசமாகக் கொட்டுகிற காசு மாதிரித்தான், எல்லோரும் எல்லாவற்றையும் தள்ளுவார்கள், ஒன்றும் பழக முடியாது. புதிதாக வருகிறவனை முதலில் காட்ஸைத் திறந்து வைத்தே ஆடவிடுவோம், ஏழில் எந்த ஐந்து என்று அவன் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பிறகு ஒவ்வொரு முறையும் காசு போட முன்னால் பொட்டில் எவ்வளவு, கேட்பது எவ்வளவு, உதவக்கூடிய காட்ஸ் எத்தனை என்று மூன்றையும் சொல்லிவிட்டுத்தான் போட வேண்டும். போன கிழமை சேர்ந்த பெடியனுக்கு ஜாக்கும் ஒன்பதும் வந்தது. முந்நூற்றி நாலு வீட்டுப் பெடியன், இருபது கொட்டையை முன்னால் தள்ளிவிட்டான். "எத்தனையாவது ஆளாப் பேசுறாய்?" என்று கேட்டேன். முதல் ஆள்.